கட்டினவன் பார்க்காத பட்டணம்



'கெட்டும் பட்டணம் சேர்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு நடந்தவர் எங்க அப்பா. மழைக்காலத்தில் ரப்பர் பால்வெட்டு நின்று, வாங்கிய கடன் நிற்காமல் ஓடியபோது, 2013-ல் ஒரு மேஸ்திரியின் பின்னால் சென்னைக்கு ரயில் ஏறினார். இரண்டு வருஷம் அங்கே இருந்தார். நான் சென்னைக்குப் போனது 2025 ஜனவரியில், பொங்கல் லீவு கழிந்து, நம் துறையின் கல்விச் சுற்றுலாவில். எனக்கு அதுதான் முதல் தடவை.

சுற்றுலா போய் வந்தவர்கள் எல்லாரும் மலருக்குக் கட்டுரை எழுதுவது வழக்கம். கண்டேன், களித்தேன், மீண்டும் செல்வேன் என்று முடிப்பதும் வழக்கம். நானும் கண்டேன். களிக்கவும் செய்தேன். ஆனால் சொல்ல வந்தது வேறு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் நம் தாத்தாமார்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். இன்றைக்கும் எங்க ஊரில் யாருக்காவது பெரிய நோய் என்றால் 'திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போங்க' என்றுதான் முதலில் சொல்வார்கள். அது கைக்கெட்டும் தூரம். சென்னையோ 700 கிலோமீட்டருக்கு மேல். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர வேறு யாரும் சென்னையைப் பார்த்ததில்லை.

டூர் பணம் கட்ட அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்தாள். அம்மாவுக்கு அண்டி ஆபீசில் வேலை. முந்திரித் தோட்டின் பால் பட்டுக் கறுத்த விரலால் நோட்டை எண்ணித் தரும்போது, "போய் எல்லாத்தையும் பாத்துட்டு வா மக்கா" என்றாள். அப்பா வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னார். "மெரினா கடல் எப்பிடி இருக்குன்னு வந்து சொல்லு."

எனக்குப் புரியவில்லை. "நீங்க இரண்டு வருஷம் அங்கதான இருந்தீங்க? பாக்கலையா?"

"எங்கலே பாக்க? திங்கள்ல இருந்து சனி வர வேல. ஞாயித்துக்கெழம அரைநாள் வேல. பொறவு துணி தொவைக்கணும், ஒங்களுக்குப் போன் பண்ணணும். பஸ் வழியும் தெரியாது. உடுப்பப் பாத்து எங்கயாவது வெளிய நிப்பாட்டிருவானுவளோன்னு ஒரு இது."

அதைக் கேட்டுக்கொண்டுதான் ரயில் ஏறினேன். ஆனால் வள்ளியூர் தாண்டுவதற்குள் மறந்தும் போனேன். நாற்பது பேர் சேர்ந்து பாட்டும் கூத்துமாகப் போகிற ரயிலில் அப்பா ஞாபகம் எங்கே வரும்?

பார்த்த காட்சிகள்

காலையில் எழும்பூரில் இறங்கினோம். சுற்றுலாவில் நாங்கள் பார்த்த முதல் கட்டடம் அந்த ரயில் நிலையமேதான். 1908-ல் திறந்தது. எங்க சார் எங்களைப் பெட்டியும் கையுமாக வெளியே நிறுத்தி வைத்து, வளைவுகளையும் குவிமாடங்களையும் காட்டிப் பாடம் நடத்தினார். வடிவமைத்தவர் ஹென்றி இர்வின் என்ற வெள்ளைக்காரர். கட்டியது சாமிநாத பிள்ளை என்ற ஒப்பந்தக்காரர். அடுத்துப் பார்த்தது சென்ட்ரல் பக்கத்தில் வெள்ளைவெளேரென்று நிற்கிற ரிப்பன் மாளிகை. மாநகராட்சி அலுவலகம் இருக்கும் கட்டடம். 1913-ல் திறந்தது. அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் லோகநாத முதலியார். பிறகு சிவப்பாக நிற்கிற உயர் நீதிமன்றம். 1892-ல் திறந்தது. அதைக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். நோட்டில் வேக வேகமாக எழுதிக்கொண்டோம். ரிப்போர்ட்டில் வருமே!

மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம். 1959-ல் திறந்தபோது 14 மாடி. அன்றைக்கு இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். இன்றைக்கு அதைவிட உயரமான அடுக்குமாடி வீடுகள் சென்னையில் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் பழைய சினிமாவில் பட்டணம் என்றதும் காட்டுவார்களே, அந்தக் கட்டடத்தை நேரில் கண்டதும் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்தது.

மெட்ரோ ரயிலில் போனது மறக்க முடியாது. தானே நகரும் படிக்கட்டில் காலை வைக்கப் பயந்து எங்களில் ஒருத்தன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். பின்னால் வந்த கூட்டமெல்லாம் சத்தம் போட்டது. (அந்த ஒருத்தன் நான் இல்லை என்று சொன்னால் என் வகுப்பில் யாரும் நம்பமாட்டார்கள்.) சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29-ல் முதலில் ஓடியது கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை, மேம்பாலத்தில். பூமிக்கு அடியில் ஓடத் தொடங்கியது 2017 மே மாதம். சுரங்கம் தோண்டும் எந்திரம் முன்னால் மண்ணை அறுத்துக்கொண்டே போகும். பின்னாலேயே காங்கிரீட் துண்டுகளை வட்டமாக அடுக்கிப் பூட்டிக்கொண்டே வரும். அந்த வளையங்கள்தான் சுரங்கத்தின் சுவர். படத்தில் படித்ததை அங்கே கண்ணால் கண்டோம். வெளியே வந்தால் இரண்டாம் கட்ட வேலைக்காகத் தெருத் தெருவாகத் தடுப்பு அடித்திருந்தார்கள். தடுப்புக்கு உள்ளே மஞ்சள் தொப்பி போட்டவர்கள் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பேச்சுக்கும் சென்னையில் தனி மரியாதை! டீக்கடையில் "ஒரு சாயா" என்றதும், "தம்பி, கேரளாவா?" என்று கேட்டார்கள். ஆட்டோக்காரர் கேட்டார். ஓட்டலில் கேட்டார்கள். கேரளா பக்கம் போனால் நம்மைப் 'பாண்டி' என்பான். சென்னையில் போனால் மலையாளி என்பான். நாம் எங்கேதான் போவது? சோறு வெள்ளைச் சோறு. சம்பா அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன் குழம்பும் இல்லாமல் மூன்று நாள் நாக்கு செத்துப் போனது.

ஒரு பெரிய கடை வளாகத்துக்கும் போனோம். வாசலில் நின்ற காவலாளி எங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். உள்ளே விட்டார்தான். ஆனாலும் உள்ளே நடக்கும்போது கால் கூசியது. மறுநாள் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனோம். 2010-ல் திறந்தது. அங்கே யாரும் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. என் வயசுப் பையன்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். காசு கேட்கவில்லை. பட்டணத்தில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று முதன்முதலாகத் தோன்றியது அங்கேதான். அப்பாவுக்கு இதை யாராவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே என்றும் தோன்றியது.

நான் சொன்ன பொய்

இனி, எழுதக் கை தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

எல்.ஐ.சி. எதிரே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு நண்பன் கேட்டான். "லே, ஒங்க அப்பா சென்னையில இருந்தாருல்லா? இங்க என்ன வேல பாத்தாரு?"

நான் யோசிக்கவே இல்லை. "சூப்பர்வைசர்" என்றேன்.

நண்பர்களே, எங்க அப்பா சூப்பர்வைசர் இல்லை. சென்னைக்குப் போகும்போது அவர் கையாள். சாந்துச் சட்டி சுமந்தவர். ஒரு வருஷம் கழித்துக் கரணையைக் கையில் பிடித்தார். இப்போது ஊரில் கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்படித் தாண்ட வைத்தது அந்தச் சாந்துச் சட்டிதான். அதை நான் ஒரே சொல்லில் மறைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மெரினாவுக்குப் போனோம். கடல் நமக்குப் புதிதா? மூன்று கடலும் சேர்கிற இடத்தில் பிறந்தவர்கள் நாம். அதனால் கடலைப் பார்த்து எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. மணல் பரப்புதான் அதிசயமாக இருந்தது. எவ்வளவு நடந்தாலும் தண்ணீர் வரவில்லை! சுண்டல் வாங்கினோம். சிலைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

அப்போதுதான் உழைப்பாளர் சிலை. 1959-ல் திறந்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். உடம்பில் இடுப்புத் துணியைத் தவிர ஒன்றும் இல்லை. நரம்பெல்லாம் புடைத்து நிற்கிறது. இந்தியாவில் முதல் மே தினம் 1923-ல் இதே சென்னையில்தான், கடற்கரையில், சிங்காரவேலர் தலைமையில் நடந்தது என்று சார் சொன்னார்.

நண்பர்கள் அந்தச் சிலை மாதிரியே நின்று செல்ஃபி எடுத்தார்கள். நானும் எடுத்தேன். எடுத்த படத்தைப் பார்த்தபோது, பின்னால் நிற்கிற முதல் ஆளின் முதுகு எனக்குத் தெரிந்த முதுகாக இருந்தது. குனிந்து வேலை செய்யும்போது அப்பாவின் முதுகு அப்படித்தான் இருக்கும்.

அப்போதுதான் நோட்டில் எழுதியதும் ஞாபகம் வந்தது. எழும்பூருக்கு இர்வின், சாமிநாத பிள்ளை. ரிப்பன் மாளிகைக்கு லோகநாத முதலியார். நீதிமன்றத்துக்கு நம்பெருமாள் செட்டியார். எல்லாம் சரி. அத்தனை செங்கல்லை அடுக்கின கொத்தனார் யார்? சாரத்தில் ஏறினவர் யார்? சுண்ணாம்பு அரைத்த பெண்கள் எந்த ஊர்? ஒரு பெயர்கூட என் நோட்டில் இல்லை. எந்தப் பலகையிலும் நான் பார்க்கவும் இல்லை. பெயர் இல்லாதவர்களுக்கெல்லாம் சேர்த்து வைத்த ஒரே சிலை மாதிரி அது நின்றது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி

கடைசி நாள் ஒரு கட்டுமான இடத்தைப் பார்க்கப் போரூர் வழியாகப் போனோம். வண்டியில் சார் எழுந்து நின்று சொன்னார். "இந்தப் பக்கந்தான் மவுலிவாக்கம். சிவில் படிக்கிறவன் மறக்கக் கூடாத பெயர்."

எனக்கு அந்தப் பெயர் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்த பெயர் இல்லை. 2014 ஜூன் 28, சனிக்கிழமை. மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்த சாயங்காலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். இடிபாட்டில் ஆள் தேடும் வேலை நாள் கணக்கில் நடந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடமும் ஆபத்து என்று, 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அன்றைக்கு எனக்கு ஏழு வயசு. பக்கத்து வீட்டு டி.வி.யில் செய்தி வந்தது. அப்பா எந்த இடத்தில் வேலை பார்க்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது. 'போரூருக்கு அங்கன' என்று எப்போதோ சொல்லியிருந்தார், அவ்வளவுதான். போன் அடித்தால் எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க அம்மா அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். விடியக்காலம் யாருடைய போனிலிருந்தோ அப்பா பேசினார். அவர் வேலை வேறு இடத்தில். தன் போனில் சார்ஜ் இல்லை. அவ்வளவுதான் காரணம். அம்மா 'செரி' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, உள்ளே போய் அழுதாள்.

அந்த ராத்திரி விடியாமலே போன வீடுகள் எத்தனை! அந்த 61 பேரில் எத்தனை பேர் மெரினாவைப் பார்த்திருப்பார்கள்?

நான் சொல்ல வந்த கருத்து

சுற்றுலா என்றால் ஜாலிக்குத்தானே, அங்கேயும் கண்ணீரும் பாடமுமா என்று சில நண்பர்கள் கேட்கலாம். ஜாலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்தான் எல்லாரையும்விட அதிகம் சுண்டல் தின்றவன்! ஆனால் மற்ற கல்லூரி மாணவர்கள் ஒரு கட்டடத்தைப் பார்ப்பதற்கும் நாம் பார்ப்பதற்கும் வித்தியாசம் வேண்டாமா? நாளைக்கு சைட்டில் தலையில் தொப்பியும் கையில் பிளானுமாக நிற்கப் போகிறவர்கள் நாம். காங்கிரீட்டில் ஒரு கம்பி குறைந்தால், சாரத்தில் ஒரு கட்டு இளகினால், கீழே போகிற உயிர் யாருடையது என்பதை ஊர் சுற்றும்போதே தெரிந்துகொள்வது நல்லது. அழகைப் பார்க்கும் அதே கண் அதைத் தூக்கி நிறுத்தின கையையும் பார்க்க வேண்டும்.

ஆகவே மூன்று யோசனைகளை நம் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று: அடுத்த வருஷச் சுற்றுலாவில் ஒரு வேலை நடக்கும் இடத்தில், என்ஜினியரிடம் மட்டுமல்ல, கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் ஆட்கள் எல்லாரிடமும் ஒரு மணி நேரமாவது நாம் பேச வேண்டும். எந்த ஊர், எப்படித் தங்குகிறார்கள், பெல்ட் இருக்கிறதா, வலை கட்டியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதையும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். தூக்குக்குண்டைப் பற்றி நாம் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கிறோம். அதைக் கட்டித் தொங்கவிடுகிறவரிடம் கேட்டால் ஒன்பது பக்கம் சொல்வார்.

இரண்டு: நம் ஊரிலேயே இப்போது வடமாநிலத் தொழிலாளிகள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். நாம் அவர்களை 'வடக்கன்' என்றும் 'ஏய் பாய்' என்றும் கூப்பிடுகிறோம். சென்னையில் எங்க அப்பா யாருக்கோ 'ஏய் சட்டி' ஆக இருந்திருப்பார். ஒரு பெயர் கேட்டுக் கூப்பிட நமக்கு என்ன செலவு? ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரிக் கடற்கரையில் கூட்டமாக நின்று படம் எடுக்கிற அவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோமே, அவர்கள் எங்க அப்பா செய்யாததைச் செய்கிறார்கள். இடம் விட்டுக் கொடுங்கள்.

மூன்று: கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் நம் மாநிலத்தில் 1994-ல் அமைந்தது. பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் உண்டு. இது தெரிந்தும் விண்ணப்பிக்காத நண்பர்கள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதல் வருஷம் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் நானும் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். நம் சங்கம் ஒரு நாள் உட்கார்ந்து, விவரம் சொல்லி, எல்லாருக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் பல வீடுகளில் ஒரு சீட்டுப் பணம் மிச்சமாகும்.

ஊர் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனேன். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பார்க்க. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கண்ணாடிக்குக் கீழே அலை அடிக்கிறது. எல்லாரும் கீழே கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் ஓரத்தில் நின்று இரும்பு வளைவு தூணோடு சேருகிற இடத்தையே பார்த்தார். "அலைக்கு மேல நின்னு இத மாட்டியிருக்கானுவோ பாரு. மனுசனா அவன்!" என்றார்.

133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதியின் பெயர் நமக்குத் தெரியும். 2000 ஜனவரி 1-ல் திறந்ததும் தெரியும். அந்தப் பாறையில் நின்று கல் ஏற்றினவர்களை அங்கே நினைத்துப் பார்த்தது எங்க அப்பா ஒருத்தர்தான் என்று எனக்குத் தோன்றியது.

படகுக்குக் காத்திருந்தபோது உழைப்பாளர் சிலைப் படத்தைப் போனில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "நாலு பேரா? நெம்பும்போது ஒருத்தன் குரல் குடுக்கணும். எல்லாரும் ஒண்ணா விடணும். இல்லேன்னா கை போயிரும்" என்றார். பிறகு, "மெரினா எப்பிடிலே இருந்து?" என்று கேட்டார்.

"கடல் நம்ம கடல் மாதிரிதான் அப்பா. மணல்தான் ரொம்ப. நடந்து நடந்து கால் வலிச்சிரும். ஒங்கள ஒருநா கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் சிரித்தார்.

உதவித்தொகைப் படிவத்தை இந்த வருஷம் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். தந்தையின் தொழில்: கொத்தனார். எல்.ஐ.சி. எதிரே என்னிடம் கேள்வி கேட்ட அந்த நண்பன் இதைப் படிப்பான். மக்கா, அன்றைக்கு நான் சொன்னது பொய். இதுதான் சரியான பதில்.

— இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்